நாகஜோதியின் கை கோட்டில்தான் இருந்தது

ஒரே ஒரு கேள்வி கேக்குறேன் தம்பி, சள்ளையா நினைக்காதீங்க. தரையில ஒரு கோடு. வெள்ளைக் கோடு. ஒரு பிள்ளை ஓடி வந்து விழுந்து, கையை நீட்டி அந்தக் கோட்டைத் தொட்டுட்டா. தொட்டாளா, தொடலையா?

தொட்டா. அம்புட்டுத்தான். நீங்க யோசிக்கக்கூட இல்ல. இதைச் சொல்றதுக்கு அங்க ஒரு ரெஃப்ரி, ஓரத்துல கொடி பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரு, பந்தலுக்குள்ள டை கட்டிக்கிட்டு ஆறு பேரு. ஒருத்தருக்கும் வாய் வரல.

நான் யாரையும் குறை சொல்லல. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியல, அதைத்தான் சொல்றேன்.

திண்டுக்கல்லுல ஏறினதுல இருந்து இந்தம்மா வாயை மூடலையேன்னு பாக்குறீங்க. மெட்ராஸ் போற வரைக்கும் மூட மாட்டேன். அங்க ஒரு ஆபீசுல அஞ்சு மணிக்குள்ள போயி நாலு கேள்வி கேக்கணும். இங்கயே வாயைப் பழக்கிக்கிறேன்னு வச்சுக்கங்க. என் பேரு பாண்டீஸ்வரி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல முருங்கைக்காய் கட்டுற வேலை. எங்க வீட்டுக்காரரு அதே மார்க்கெட்டுல மூட்டை தூக்குறாரு. அவரு பேச மாட்டாரு. வீட்டுக்கு ஒருத்தர் பேசினாப் போதும்னு விட்டுட்டாரு.

ஒரே மக. நாகஜோதி. அடுத்த மாசம் பதினெட்டு முடியுது. ரக்பி ஆடுறா. இந்தியாவுக்கு ஆடுறா தம்பி, ஊருக்கு இல்ல. பதினெட்டு வயசுக்கு உள்பட்ட பிள்ளைங்க டீமு.

ரக்பி தெரியாதா? லேப்டாப்பு வச்சிருக்கீங்க, இது தெரியலையே. உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதைத் தூக்கிக்கிட்டு முன்னாடி ஓடணும். ஆனா கூட ஆடுற பிள்ளைக்குப் பின்னாடிதான் போடணும். முன்னாடி போட்டா ஊதிருவாங்க. எதிர் டீமு வந்து இடுப்பைக் கட்டிக் கீழ தள்ளும். தப்பிச்சு ஓடி, அந்தக் கடைசியில இருக்கிற கோட்டுல பந்தை வச்சா அஞ்சு பாயிண்டு. இதுக்கு டிரை-ன்னு பேரு. ஏழு பேரு ஆடுவாங்க, ஏழு ஏழு நிமிசம், மொத்தமே பதினாலு நிமிசம். ஒரு உலை கொதிக்கிற நேரத்துல ஒரு தலையெழுத்தை முடிச்சு விட்டுர்றாங்க.

பந்தை வைக்கணுமா, கையை வைக்கணுமான்னு கேக்குறீங்களா? வாரேன், அதுக்குத்தான் வாரேன். அவசரப்படாதீங்க.

எங்க குடும்பத்துக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கிடையாது. நாங்க கபடி. நான் வேலம்பட்டி மகளிர் அணியில ரைடர். ரைடர்னா பாடிப் போறவ. மூச்சைப் பிடிச்சு, கபடி கபடின்னு பாடிக்கிட்டே எதிராளி களத்துக்குள்ள போயி, நாலு பேரைத் தொட்டுட்டு, அவளுக கட்டிப் பிடிச்சாலும் இழுத்துக்கிட்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டுரணும். விரல் நுனி பட்டாப் போதும். தொட்ட கையை அங்கேயே வச்சுக்கிட்டுக் கிடக்கணும், அம்பயரு பாக்குற வரைக்கும். கல்யாணம் முடிஞ்சும் ஆடினேன், இவ வயித்துல இருந்த நாலாவது மாசம் வரைக்கும் ஆடினேன். எவர்சில்வர் குடம் நாலு ஜெயிச்சிருக்கேன். குடத்தைக் காட்டினா எவன் வேலை குடுப்பான்? குடுக்கல. முருங்கைக்காய் கட்டுறேன்.

அதனால இவ நடக்கப் பழகினதும் கோட்டைத் தொடப் பழக்கிட்டேன். வாசல்ல கரிக்கட்டையால ஒரு கோடு. நான் காலைப் பிடிச்சுக்குவேன், இவ தவழ்ந்து போயி தொடணும். தொட்டாத்தான் சோறு. அக்கம்பக்கத்துல எல்லாம் இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குன்னாங்க. எட்டாவது படிக்கையில இவளை ஆறு பேரு சேந்து பிடிச்சாலும் ஒரு விரல் கோட்டுக்குப் போயிரும். அப்பப் பேசினவளுக எல்லாம் கை தட்டுனாளுக.

ரெண்டு வருசம் முன்னாடி திண்டுக்கல்லுல பள்ளிக்கூடங்களுக்கு நடுவுல கபடி. அங்கதான் ஷெரின் மேடம் வந்தாங்க. மெட்ராஸ்காரங்க, ரக்பி கோச். ஆட்டம் முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்து, “இந்தப் பிள்ளையை எனக்குக் குடுத்துருங்கம்மா”ன்னாங்க. பொண்ணு கேக்குற மாதிரியே கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் அவங்க ஒண்ணு சொன்னாங்க. “கபடியில தமிழ்நாட்டு டீமுக்கே வரிசையில நிக்கிறாங்க. எங்க ஆட்டத்துல இந்தியா டீமுக்கே ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்”ன்னாங்க. நான் சிரிப்பை நிறுத்திட்டேன்.

இந்தியா சட்டை போட்டு ஒரு மெடலை வாங்கிட்டா, விளையாட்டுக் கோட்டாவுல போலீசோ ரயில்வேயோ, என்னைக்காவது ஒரு நாள் ஒரு நாற்காலி கிடைக்கும். நான் கனவு எல்லாம் காணல. நாற்காலிதான் கண்டேன்.

மேடம் நல்ல மனுசிதான், குறை சொல்லல. ஆனா ஒரு விசயத்துல பிடிவாதம். இந்தியா டீமுக்கு எடுத்த அன்னைக்கே சொல்லிட்டாங்க, “அம்மா, போட்டி முடியிற வரைக்கும் இவ கபடி ஆடவே கூடாது. அந்த ஆட்டத்துல உடம்புக்கு ஒரு புத்தி, இதுல வேற புத்தி. ரெண்டையும் ஒரே உடம்புல வச்சா, நெருக்கடியில எது முந்தும்னு சொல்ல முடியாது. எனக்கு வாக்கு குடுங்க”ன்னாங்க. நான் அவங்க கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன்.

சத்தியத்தைக் காப்பாத்தினேன் தம்பி. ரெண்டரை மாசம் காப்பாத்தினேன்.

வடையா? வேணாம்ப்பா, நீ போ. இந்த வண்டியில வடை வாங்காதீங்க தம்பி, எண்ணெய் சரியில்ல.

போட்டிக்குப் பதினஞ்சு நாளைக்கு முன்னாடி, பாஸ்போர்ட்டு வேலையா இவளைப் பயிற்சிக் கேம்ப்புல இருந்து நாலு நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்த நாலு நாள்ல எங்க ஊரு சாமி கும்பிடு. பொம்பளைங்க கபடியில நாங்க ஃபைனல். காலையில பாத்தா எங்க ரைடர் பிள்ளைக்கு அம்மை போட்டுருச்சு. மாரியம்மன் திருவிழாவுல அம்மை போட்டா யாரைப் போயி கோவிக்க முடியும்? இவகிட்ட, “ஒரே ஒரு ஆட்டம்டி”ன்னேன். “வேணாம்மா, மேடத்துக்கு வாக்கு குடுத்திருக்கோம்”னா. “வாக்கு குடுத்தது நான். நானே திருப்பி எடுத்துக்கிறேன்”னேன்.

ஆடினா. பதினேழு பாயிண்டு. என்ன ஆட்டங்கிறீங்க! கடைசிப் பாட்டுல அஞ்சு பேரு மேல விழுந்து அமுக்கிட்டாளுக, இவ தலையே தெரியல. ஒரு கை மட்டும் அடியில இருந்து நீண்டு வந்து கோட்டைத் தொட்டுச்சு. ஊரே விசிலடிச்சது. ஒரு ஆட்டத்துல என்ன கெட்டுப் போயிரும் சொல்லுங்க. ஒண்ணும் கெடல. அதுக்கு அப்புறம் போயி மலேசியாவுல நல்லாத்தான் ஆடினா.

ஜோகூர்னு ஒரு ஊரு. ஆசியப் போட்டி. முதல் நாள் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சாங்க. இவ மட்டும் மூணு டிரை போட்டா. அரையிறுதியில சீனாப் பிள்ளைங்ககிட்டத் தோத்துட்டாங்க. அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல, அதுக எல்லாம் என்னைவிட உயரம். மறுநாள் தாய்லாந்து கூட மூணாவது இடத்துக்கு ஆட்டம். ஜெயிச்சா வெங்கல மெடலு. தோத்தா வெறுங்கை.

முந்தின நாள் சாயங்காலம் போன் போட்டா. குரலே சரியில்ல. “அம்மா, பந்து கைக்கு வந்தா என்ன செய்யணும்னே மறந்து போயிருது”ன்னா. பெத்தவ என்ன சொல்லுவா? “அடிப் போடி, ரக்பியாவது ஒண்ணாவது. நாளைக்கு நம்ம கபடின்னு நினைச்சுக்க. மூச்சைப் பிடி, போ, எது மறந்தாலும் கோட்டைத் தொட மறக்காத”ன்னேன். அப்புறம், “சரிம்மா”ன்னா. குரல்ல தெம்பு வந்துருச்சு. நான் சொன்னதுதான் தெம்பு. மேடம் ஒரு மணி நேரம் போர்டுல படம் போட்டுச் சொன்னதுல வராத தெம்பு.

மார்க்கெட்டுல முருங்கைக்காய்க் கட்டு மேல போனைச் சாய்ச்சு வச்சு எல்லாரும் பாத்தோம். லோடு இறக்குறவங்க, தக்காளிக் கமிசன் கடைக்காரரு, எங்க வீட்டுக்காரரு, எல்லாரும். ஆட்டம் ஒருத்தருக்கும் புரியல. நம்ம பிள்ளை எதுன்னு மட்டும் தெரியும், முதுகுல நாலு. பத்துக்குப் பன்னெண்டு. நாம பத்து. மணி முடிய அரை நிமிசம்னு கமெண்டரி சொல்ற இங்கிலீசுக்காரன் கத்துறான். பந்து நாகஜோதி கைக்கு வந்துச்சு.

ஆத்தாடி, அந்த ஓட்டத்தை இப்ப நினைச்சாலும் எனக்குப் புல்லரிக்குது. பாதி மைதானம் தம்பி. ஒருத்தி வந்தா, ஒதுங்கினா. இன்னொருத்தி வந்தா, நெஞ்சுல கை வச்சுத் தள்ளினா. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில பின்னாடி இருந்து ஒருத்தி பாஞ்சு கணுக்காலைப் பிடிச்சுட்டா. விழுந்தா. விழுந்தும் கெட்டிக்காரி என்ன செஞ்சா தெரியுமா? பந்தைப் பக்கத்துல பதனமா வச்சா, பச்சப்பிள்ளையைப் பாயில கிடத்துற மாதிரி. வச்சுட்டு வலது கையை நீட்டிக் கோட்டைத் தொட்டா. தொட்டுட்டுக் கையை எடுக்காம அப்படியே கிடந்தா, ரெஃப்ரி பாக்கட்டும்னு.

நான் எந்திரிச்சுக் குலவை போட்டுட்டேன். மார்க்கெட்டே கை தட்டுது.

அந்த ரெஃப்ரி கோட்டைப் பாக்கவே இல்ல. ஒரு தாய்லாந்துப் பிள்ளை வந்து சும்மா கிடந்த பந்தை எடுத்து வெளிய உதைச்சுட்டா. விசில். ஆட்டம் முடிஞ்சு போச்சு. நம்ம பிள்ளைங்க தலையில கை வச்சு உக்காந்துருச்சுங்க. இவ மட்டும் கையைக் கோட்டுல வச்சபடியே கிடக்குறா. அப்புறம் கேப்டன், ஒடிசாப் பிள்ளை, வந்து தூக்கி விட்டா.

இந்த அநியாயத்தை எங்க போயிச் சொல்ல?

இப்ப நான் கேக்குற விசயம் வேற. தோத்தது கூடப் பெரிசில்ல தம்பி. அன்னைக்கே ரூமுல எல்லாரையும் உக்கார வச்சு மேடம் கேட்டாங்களாம், “ஜோதி, பந்தை ஏன் விட்ட?” இவ சொல்றா, “வழுக்கிருச்சு மேடம்.”

வழுக்கிருச்சாம்! நான் பாத்தேனே! வழுக்கவே இல்ல. வச்சா. ரெண்டு கண்ணால பாத்தேன். தக்காளிக் கமிசன் கடைக்காரரு பாத்தாரு. எதுக்கு அப்படி ஒரு பொய்யைச் சொல்லணும்? அந்த ஒரு வார்த்தைதான் இவளைக் கவுத்துருச்சு. மேடம் அறிக்கையில எழுதிட்டாங்க, நெருக்கடியில இந்தப் பிள்ளை கையில பந்து நிக்காதுன்னு.

மேடம் அங்க இருந்தே எனக்கும் போன் போட்டாங்க. “உண்மையைச் சொல்லுங்கம்மா, இடையில கபடி ஆட விட்டீங்களா?”ன்னாங்க. பக்கத்துல இவளையும் வச்சுக்கிட்டுத்தான் பேசினாங்க, ஸ்பீக்கர்ல. நான், “கபடியா? அந்தப் பேச்சே எங்க வீட்டுல கிடையாதே மேடம், மாரியாத்தா மேல சத்தியமா”ன்னேன். என்ன செய்யச் சொல்றீங்க? அவங்க பாவம், தோத்துப் போயி நொந்திருக்காங்க. அந்த நேரத்துல இதையும் சொல்லி மனசைச் சங்கடப்படுத்தலாமா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்களா? சரி, நீங்க சொல்ல மாட்டீங்க.

அந்த டீமுல இருந்த மத்த பிள்ளைங்க எல்லாம் ஒரு வழியாப் போயிருச்சுங்க. கேப்டன் பிள்ளைக்கு புவனேஸ்வர்ல காலேஜு, ஆஸ்டலு, எல்லாம் விளையாட்டுலயே. பீகார்க்காரி ஒருத்திக்குப் போலீசுல எடுக்கப் போறதாச் சொல்லியிருக்காங்க. பெரியவங்க இந்தியா டீமுக்கு ஒரு கேம்ப் போடுறாங்க, முப்பது பேரு, மேடம்தான் ஆள் எடுக்குறாங்க. அதுல பேரு வந்துட்டா ரெண்டு வருசம் சோறு, படிப்பு, பயிற்சி, அப்புறம் ஆசிய விளையாட்டு வரைக்கும் ஒரு வாய்ப்பு. வராட்டி இத்தோட சரி. இவ எங்க இருக்கா தெரியுமா? என் பக்கத்துல உக்காந்து முருங்கைக்காய் கட்டுறா. ஒரு கட்டுக்கு அம்பது காய். என்னைவிட வேகமாக் கட்டுறா. இந்த மூணு மாசத்துல ஒரு காயைக்கூடக் கீழ விடல. அந்தக் கையையா வழுக்குற கைங்கிறாங்க?

நான் இவகிட்டக் கேட்டுட்டேன், “ஏண்டி வழுக்கிருச்சுன்னு சொன்ன?”ன்னு. என் மூஞ்சியைப் பாப்பா, குனிஞ்சு காயைக் கட்டுவா. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. அதுதான் எனக்குத் தாங்க முடியல தம்பி. ரெண்டு வார்த்தை என்னைத் திட்டினாக்கூட ஒரு இட்லி கூடுதலாத் தின்னுருப்பேன்.

முந்தாநாள் மேடம் போன் பண்ணினாங்க. “லிஸ்டுல இருபத்தொம்பது பேரு எழுதிட்டேன். முப்பதாவது இடத்தைப் பாத்து மூணு நாளா உக்காந்திருக்கேன்மா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு அனுப்பியாகணும். பழைய ஆட்டத்துப் பழக்கம்னா ரெண்டு மாசத்துல நான் மாத்திருவேன். கையே அப்படின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க ஏதாவது சொல்றதுன்னாச் சொல்லுங்க”ன்னாங்க. “சொல்ல ஒண்ணும் இல்ல மேடம்”னு வச்சுட்டேன். வச்சதுக்கு அப்புறம்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மெட்ராசுல மேடம் ஆபீசுக்குன்னு இவகிட்டச் சொல்லாம, அக்கா வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டேன்.

மனு வச்சிருக்கேன் பாருங்க. பஸ் ஸ்டாண்டுல டைப் அடிச்சது. படிங்க. ‘எனது மகளின் கை கோட்டில் இருந்ததால் அந்த ஐந்து புள்ளிகளை உடனடியாக வழங்கி, ஆட்டத்தின் முடிவைத் திருத்தி, மூன்றாம் இடத்தை இந்தியாவுக்கு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ தாழ்மையுடன்கிறது டைப் அடிச்ச ஆளு போட்டது. நான் சொல்லல.

நம்பிக்கை இல்லையா? வீடியோவே இருக்கு. இந்தப் போன்ல பாருங்க. கண்ணாடி உடைஞ்சுதான் போச்சு, குலவை போட்டப்ப கீழ விழுந்துச்சு. ஆனா கை நல்லாத் தெரியும். இந்தா, இங்க. கோடு இருக்கா? கை இருக்கா? நான் இதை ஐநூறு தடவை பாத்துட்டேன், கை கோட்டுலதான் இருக்கு.

உங்க லேப்டாப்புல போடுறீங்களா? பெரிசாத் தெரியுமா? போடுங்க, போடுங்க. நாகஜோதின்னு அடிச்சா வராது, ஜோகூர்னு அடிங்க. ஆங், இதுதான். கடைசிக்குத் தள்ளுங்க. ஓடுறா பாத்தீங்களா. எம்புட்டு அழகா ஓடுறா என் தங்கம்!

என்னது? வாயா? வாயை எதுக்குப் பாக்குறீங்க, கையைப் பாருங்க.

உதடு அசையுதா? மூச்சு வாங்குவா, ஓடுற பிள்ளை. இல்லையா? எங்க, மறுபடி போடுங்க. என் போன்ல அந்த எடத்துலதான் கண்ணாடி விரிசல் விட்டிருக்கு, மூஞ்சி தெரியாது. நானும் மூஞ்சியைத் தேடல, கையைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்ட முடியுமா?

நிறுத்துங்க.

பாடுறா தம்பி.

கபடி கபடி கபடி கபடின்னு பாடிக்கிட்டே ஓடுறா. பாருங்க, மூச்சு விடல. பாதி மைதானத்தையும் ஒரே மூச்சுல வந்திருக்கா. ரக்பியே ஆடல அவ. நான் சொன்ன ஆட்டத்தை ஆடியிருக்கா.

தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. மயக்கமெல்லாம் இல்ல. பேசாம இருக்கேனேன்னு பயந்துட்டீங்களா? எங்க வீட்டுக்காரரு இருந்தா டாக்டரைக் கூப்பிட்டிருப்பாரு.

வழுக்கிருச்சுன்னு ஏன் சொன்னான்னு கேட்டேன்ல. எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கு ஸ்பீக்கர்ல பேசினப்பவே தெரியும். கபடி முந்திருச்சு மேடம்னு சொன்னா, அடுத்த கேள்வி யாரு ஆட விட்டாங்கன்னுதான் வரும். ஆத்தா வாக்கு மீறினவன்னு எல்லார் முன்னாடியும் ஆகிப் போயிரும். அதுக்காகத் தன் கையைக் குறை சொல்லிட்டு வந்துட்டா. நான் என்ன செஞ்சேன்? அந்தப் பொய்க்கு மேல சாமி சத்தியம் பண்ணி முத்திரை குத்தினேன். மூணு மாசமா ரெஃப்ரியைத் திட்டிக்கிட்டுத் திரியிறேன். அந்த ஆளு கண்ணு நல்லாத்தான் இருக்கு. பந்து வைக்கிற ஆட்டத்துல பந்தைப் பாத்தாரு. எனக்கு வெக்கமா இருக்கு தம்பி. பெத்த பிள்ளை முன்னாடி எந்த மூஞ்சியோட உக்காந்து இத்தனை நாள் காய் கட்டினேனோ.

அந்த மனுவைக் குடுங்க, கிழிச்சுப் போடணும். இருங்க இருங்க, பின்பக்கம் வெறுமையாத்தான இருக்கு? கிழிக்க வேணாம். அதுலயே எழுதுங்க. என் கையெழுத்து மேடத்துக்குப் புரியாது, நீங்க எழுதுங்க.

‘மேடம் அவர்களுக்கு.’ எழுதிட்டீங்களா? ‘என் மக கையில இருந்து பந்து வழுக்கல. அவளே வச்சா. கோட்டைத் தொட்டாப் போதும்னு நான்தான் முந்தின நாள் போன்ல சொன்னேன். அதுக்கு முன்னாடி திருவிழாவுல அவ மாட்டேன்னு சொல்லியும் கபடி ஆட வச்சேன். உங்ககிட்டப் பொய்ச் சத்தியம் பண்ணினேன். அவ வாயைப் பெரிசு பண்ணிப் பாருங்க, கபடி பாடிக்கிட்டு ஓடுறா. அவ கை நல்ல கை. அது பழக்கம்தான், மாத்திரலாம். நான் மாத்த விடுவேன்.’

கடைசி வரி புரியலையா? மேடத்துக்குப் புரியும். அப்படியே இருக்கட்டும். நீங்களா இலக்கணம் எதுவும் சேக்காதீங்க.

கோட்டுல கை இருந்ததையும் எழுதணுமா? வேணாம். இருந்துச்சு, ஆனா வேணாம்.

பாருங்க, போன் அடிக்குது. அவதான். அக்கா வீட்டுக்குப் போன் போட்டிருப்பா, கெட்டிக்காரி. கொஞ்சம் இருங்க தம்பி.

ஆமாடி. ரயில்லதான் இருக்கேன். மெட்ராசுக்குத்தான். இல்ல, சண்டை போடப் போகல. சத்தியமா... சரி, சத்தியம் பண்ணல. கேளு. வழுக்கலைன்னு சொல்லப் போறேன். வீடியோ பாத்தேன்டி. வாயைப் பாத்தேன். ஆமா. எல்லாத்தையும் எழுதிட்டேன், ஒரு நல்ல தம்பி எழுதிக் குடுத்தாரு.

வேணாம்னு சொல்லாத. உன் பேரு வருதோ வரலையோ, அது அவங்க பாடு. ஏண்டி, அழுவுறியா? இத்தனை நாளா அழாதவ இப்ப என்னடி? அழு, அழு. நல்லா அழு.

என்ன? மேடம் என்னைத் திட்டுவாங்களா? திட்டட்டும்டி. திட்டு வாங்கத்தான் டிக்கெட் எடுத்துப் போயிக்கிட்டு இருக்கேன்.